பத்தாங் பெர்ஜுந்தை துளைச்சேறு: வேக்குவம் லாரியா, பேக்ஹோவா?

ஆற்றோரத்து ஆள்
சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊரின் பேர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே தோட்டத்து ரோட்டுக்கு அடியில் கேபிள் குழாய் போட மூன்று வாரமாகத் துளை போடுகிறார்கள். ரோட்டை வெட்டாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற முறை, அதில் குறை இல்லை. துளையிலிருந்து வந்து குழியில் தேங்குகிற சேற்றைத்தான் மண் தோண்டுகிற பேக்ஹோ இயந்திரத்தால் அள்ளித் திறந்த லாரியில் போட்டு அனுப்புகிறார்கள். பின்கதவு இடுக்கில் வழிந்து சந்திப்பு வரைக்கும் சாம்பல் கோடு. நேற்று மழையில் என் தங்கச்சி மோட்டார் சைக்கிளோடு அதில் சறுக்கி விழுந்தாள், முழங்கைத் தோல் போய்விட்டது. ஹோஸால் உறிஞ்சித் தொட்டியில் ஏற்றுகிற வேக்குவம் லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் போய்க் கேட்கலாமா?

பேக்ஹோ அண்ணன்
தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறாள்? முதலில் காயத்தைப் பாருங்கள் தம்பி. ஆனால் வேக்குவம் லாரி வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கழிவுத்தொட்டித் தண்ணீர் வேறு, இது வேறு. துளை போடத் தண்ணீரில் கலந்து விடுகிற பென்டோனைட் களிமண், குடைந்தெடுத்த மணல், பொடிக்கல் எல்லாம் சேர்ந்தது. அசைக்காமல் ஒரு ராத்திரி விட்டால் தயிர் மாதிரி உறைந்து நிற்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வாடகைக்கு வந்த வேக்குவம் டேங்கர் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஹோஸ் அடைப்பை எடுத்துக்கொண்டே இருந்தது, கடைசியில் என் பேக்ஹோதான் அள்ளியது.

டேங்கர் டிரைவர்
அண்ணே, அது கழிவுத்தொட்டி எடுக்கிற லாரியாக இருந்திருக்கும். எந்தப் பம்ப் வைத்தாலும், வெற்றிடத்தை மட்டும் நம்பினால் தண்ணீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது, ஏற்றிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம்தானே. லிட்டருக்கு 1.3 கிலோ இருக்கிற சேறு என்றால் 8 மீட்டர்கூட வராது, வேலையிடத்தில் இன்னும் குறையும். மண் தோண்டுகிற வேக்குவம் லாரியில் காற்றை இழுக்கிற பெரிய புளோவர் இருக்கும், வேகமாக ஓடுகிற காற்றுதான் சேற்றைத் துண்டு துண்டாகத் தூக்கிப்போகிறது. அதனால்தான் ஹோஸ் வாயை முழுசாகச் சேற்றில் முக்கக் கூடாது. பாதி வாய் வெளியே இருக்கச் சாய்த்துப் பிடித்தால் ‘களக், களக்’ என்று விட்டு விட்டு ஏறும். சத்தம் நின்று ஹோஸ் கையில் விறைத்தால் உடனே தூக்கிவிட வேண்டும், ஒரு நிமிஷம் அசட்டையாக இருந்தால் அடைப்புதான். ஹோஸ் தடியாக, குட்டையாக இருக்கணும், லாரி குழிக்குப் பக்கத்தில் நிற்கணும். உறைந்ததைப் பற்றிப் பயமே வேண்டாம், அந்தச் சேறு கலக்கினால் திரும்ப இளகும்.

பேக்ஹோ அண்ணன்
கலக்கி இளகாவிட்டால் தண்ணீர் அடிப்பீர்கள். ஒரு லாரிச் சேறு ஒன்றரை லாரி ஆகும், அந்த ட்ரிப் காசை யார் கொடுப்பது? எடையையும் யோசியுங்கள். 10 கன மீட்டர் தொட்டியில் தண்ணீர் 10 டன், நீங்கள் சொன்ன சேறு 13 டன். தோட்டத்துச் செம்மண் ரோடும் லோங்காங் (சாக்கடை) மேல் போட்ட பழைய கான்கிரீட் சிலாப்பும் அதைத் தாங்குமா? கொட்டுகிற இடத்தில் மணல் தொட்டி அடியில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்ட ஆளை உள்ளே இறக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

டேங்கர் டிரைவர்
ஆளை இறக்குவது கொலைக்குச் சமம், மூடின தொட்டிக்குள் மூச்சுக் காற்று இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நான் யாரையும் இறங்க விடமாட்டேன். கிளம்பும்போதே தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டால் அடியில் ஒட்டாது, தூக்கிச் சாய்த்ததும் வழுக்கிக்கொண்டு வரும். எடைக் கணக்கு நீங்கள் சொன்னது சரி. தொட்டி நிறைய இடம் இருந்தாலும் முக்காலோடு நிறுத்தத்தான் வேண்டும், ட்ரிப் கூடும், செலவும் கூடும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டில் ஒரு சொட்டு விழாது அண்ணே. அந்தப் பிள்ளை விழுந்திருக்க மாட்டாள்.

லயத்து டீச்சர்
எப்படி அள்ளுவது என்றே பேசுகிறீர்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே! போன வாரம் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் செம்பனை வரிசைக்கு நடுவே இருக்கிற பாரிட்டில் (வடிகால் வாய்க்காலில்) ஒரு லாரி கொட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மேலே காய்ந்து ஓடு மாதிரி வெடித்திருந்தது, குச்சியால் குத்தினால் உள்ளே அப்படியே கூழ். பென்டோனைட் விஷம் இல்லைதான், ஆனால் அவ்வளவு நுண்ணிய களி லேசில் அடியில் படியாது, மீனின் செவுளில் போய் அடைக்கும். அந்தப் பாரிட் சுங்கை சிலாங்கூரில் போய்ச் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிதண்ணீரில் பெரும்பங்கு போவது அந்த ஆற்றிலிருந்துதான், சுத்திகரிப்பு ஆலையும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரில் ஆற்றுத் தண்ணீரில் நாற்றம் வந்து 4 ஆலைகளை மூடினார்களே, ஞாபகம் இல்லையா? உறிஞ்சி எடுத்த லாரியும் ராத்திரியில் அதே பாரிட்டில் திறந்துவிட்டால் என்ன பிரயோஜனம்?

பேக்ஹோ அண்ணன்
டீச்சர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. பாரிட்டில் கொட்டினவன் எங்கள் தொழிலுக்கே கெட்ட பேர் வாங்கித் தருகிறான். நான் குழி பக்கத்திலேயே காய்ந்த மண் கலந்து இறுக வைத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்துக்கு வந்த அப்புறம்தான் லாரியில் ஏற்றுவேன். அந்தப் பதத்தில் வழியாது. இதற்கு இடம் வேண்டும், ஒரு நாள் பொறுக்க வேண்டும், அதைத்தான் காண்ட்ராக்டர் கொடுப்பதில்லை.

டேங்கர் டிரைவர்
ரோட்டோரத்தில் அந்த இடம் எங்கே அண்ணே இருக்கிறது? அதோடு லயத்துப் பக்கத்துக் குழியில் பழைய தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பேக்ஹோ பக்கெட்டின் பல் ஒரு தரம் பட்டால் போதும், குழாய் உடைந்துவிடும். இன்னொன்று, சல்லடையும் மணல் பிரிக்கிற இயந்திரமும் வைத்தால் பாதிச் சேற்றைத் திரும்பத் துளைக்கே விடலாம், அப்புறம் என் லாரிக்கும் ட்ரிப் குறையும்.

பேக்ஹோ அண்ணன்
குழாய் இருக்கிற குழியில் நானே பக்கெட் இறக்க மாட்டேன், அங்கே உங்கள் லாரிதான். மேட்டில் இருக்கிற முதல் குழிக்கு இடம் இருக்கிறது, அங்கே பேக்ஹோ போதும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆற்றோரத்து ஆள்
தங்கச்சி பரவாயில்லை அண்ணே, கட்டு போட்டிருக்கிறது. இன்றைக்கு சூப்பர்வைசரைப் பார்த்தேன். கொட்டுகிற இடத்தின் ரசீதைக் காட்டச் சொன்னேன், நாளைக்குத் தருகிறேன் என்றார். காலை 7 மணிக்கு லயத்துக் குழியில் நிற்பேன், டீச்சரும் வருகிறார். நீங்கள் இரண்டு பேரும் வந்தால் எது முடியும், எது முடியாது என்று அவரிடமே நேரில் சொல்லலாம்.

டேங்கர் டிரைவர்
வருகிறேன். அந்த சிலாப்பையும் பார்த்துவிடுகிறேன்.