தூத்துக்குடியில் தனியாக வசிக்கும் தாயாருக்கு நெடுநாள் உழைக்கும் மைக்ரோவேவ் அவன்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி – கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் தனியாக வசிக்கும் 71 வயதான என் தாயாருக்கு ஒரு மைக்ரோவேவ் அவன் வாங்க வேண்டியுள்ளது. இதற்கு முன் இருந்தது கேக் சுடவும் ஏற்ற 28 லிட்டர் கன்வெக்ஷன் வகை. நான்காம் ஆண்டிலேயே, சுழலும் கண்ணாடித் தட்டுக்கு அடியில் பெயின்ட் உப்பி உதிர்ந்து, அந்த இடத்தில் துரு ஏறிவிட்டது. பிறகு தொடுபலகையில் ‘ஸ்டார்ட்’ என்ற இடத்தை அழுத்தினால் சில வேளை இயங்கும், சில வேளை இயங்காது. பலகையை மாற்றுவதற்குக் கேட்ட தொகை புது அவனின் விலையில் பாதியைத் தாண்டியது.

இத்தனை ஆண்டுகளில் அம்மா அதில் ஒரு கேக்கும் செய்ததில்லை. காலையில் பால், மதியம் முதல் நாள் குழம்பு, மாலையில் இரண்டு அப்பளம், அவ்வளவுதான் அதன் வேலை. கண்ணாடி அணிந்தும் சிறிய எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படுகிறார். மாலை நேரத்தில் மின்னழுத்தமும் குறைகிறது. விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. பத்து ஆண்டு உழைக்கக்கூடியதாகவும், அவரே தயக்கமின்றி இயக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – பழுதுநீக்குபவன்

ஐயா, வணக்கம். திருநெல்வேலியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். தங்கள் தாயாரின் தேவைக்கு நுண்ணலையால் மட்டும் சூடாக்கும் 20 லிட்டர் ‘சோலோ’ வகையே போதும். கன்வெக்ஷன் வகையில் நுண்ணலையோடு சூடேற்றும் கம்பிச்சுருள், அதற்கென்று ஒரு விசிறி, வெப்ப உணரி, பெரிய மின்பலகை என்று பலவும் சேர்ந்திருக்கும். பயன்படுத்தாத பாகமும் ஈரத்திலும் உப்புக் காற்றிலும் கெடத்தான் செய்யும்.

என்னிடம் வரும் அவன்களில் நுண்ணலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரான் போனவை குறைவு. தொடுபலகை, கதவுச் சுவிட்சு, மைகா தகடு, உள்சுவர் துரு ஆகிய நான்கையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தொடுபலகை என்பது மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒன்று. ஈரக்கையும் எண்ணெய்க்கையும் அடிக்கடி படும் ‘ஸ்டார்ட்’ இடம்தான் அதில் முதலில் கெடும். ஆகவே இரண்டு குமிழ்கள் மட்டும் உள்ள மாடலை வாங்குங்கள்: ஒன்று சூட்டின் அளவுக்கு, மற்றொன்று நேரத்துக்கு. நேரக் குமிழ் கெட்டாலும், மாற்றுவதற்கு மின்பலகை அளவுக்குச் செலவாகாது.

உள்சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயின்ட் பூசிய இரும்புத் தகடு, செராமிக் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு என்று பொதுவாக மூன்று வகை உண்டு. கடலோர ஊருக்கு நான் முதலில் சொல்வது எஃகு, அடுத்தது செராமிக். சூடேறும் உணவிலிருந்து எழும் ஆவி உள்ளேயே தங்கி, தட்டுக்கு அடியில் நீராகத் தேங்குவதால்தான் அந்த இடம் முதலில் துருப்பிடிக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்று அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. பால் காய்ச்சியதும் தட்டை எடுத்து, அடிப்பகுதியைத் துடைத்து, கதவைப் பத்து நிமிடம் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் பெயின்ட் பூசிய அவனும் கூடுதல் காலம் உழைக்கும். பூச்சு உரிந்து தகடு வெளியே தெரிந்தால் அங்கே தீப்பொறி பறக்கலாம். அதன் பிறகு அதைப் பயன்படுத்துவது சரியன்று.

உள்ளே வலப்பக்கச் சுவரில் பழுப்பு நிறத்தில் ஓர் அட்டைபோல இருப்பதுதான் மைகா தகடு. குழம்பு தெறித்து, அந்த எண்ணெய் கருகினால் தீப்பொறி வரும். பலர் அதைக் கண்டு அவனே போய்விட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். அளவுக்கு வெட்டிய புதுத் தகடு மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். ஆனால் வெளிமூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையையும் வீட்டில் செய்யாதீர்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் அளவில் இயங்குவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும்.

மின்னழுத்தம் குறைந்தால் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வகையில் சூடு குறையும், பால் காய நேரம் பிடிக்கும். சோலோ அவன் ஏறத்தாழ 1,200 வாட் இழுக்கும். டிவிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசர் அதைத் தாங்காது. அம்மா வீட்டு சமையலறையில் 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரிய பிளக்கை மாற்றுப் பிளக் வழியாகச் சிறிய சாக்கெட்டில் செருகி, சாக்கெட் உருகிப்போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 2 – அடுப்பங்கரை

மேலே ஐயா சொன்னவற்றில் ஒன்றைத் தவிர மற்ற யாவும் எனக்கு உடன்பாடு. குமிழ் மாடலைத்தான் நானும் ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்; ஆனால் ஒரு நிமிடம், அரை நிமிடம் போன்ற குறுகிய நேரத்துக்கு அந்தக் குமிழ் துல்லியமாக நிற்பதில்லை. அப்பளத்துக்கு அது முக்கியம். பத்து விநாடி கூடினால் கருகிவிடும். குமிழை இரண்டு நிமிடத்துக்கு மேல் திருகி, பிறகு வேண்டிய இடத்துக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்தால் ஓரளவு சரியாக நிற்கும். கண் பார்வை குறைந்த என் மாமியாருக்காக, ஒரு நிமிடத்துக்கு நேராகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றும், இரண்டு நிமிடத்துக்கு நேராக இரண்டும் ஒட்டினேன். அவர் இப்போது விரலால் தடவியே குமிழைத் திருப்புகிறார்.

பாத்திரத்தை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் பாலை ஊற்றி அப்படியே உள்ளே வைப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்துவிடும் தவறு. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கிண்ணம் மூன்றும், உயரமான கோப்பை ஒன்றும் அவனுக்கு அருகிலேயே இருந்தால் அந்தத் தவறு நேராது. மெலமைன் தட்டுகளும் ஆகா. வெறும் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைக்கும்போது, கொதிநிலையைக் கடந்தும் குமிழியிடாமல் இருந்து, கரண்டி பட்டதும் பொங்கிக் கையில் தெறிக்கலாம். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுச் சூட்டில் சரியாக இரண்டு நிமிடம் வைத்து, கலக்கி மீண்டும் அளந்து பாருங்கள். ஏறிய டிகிரியை 35 ஆல் பெருக்கினால் உணவுக்குப் போய்ச் சேரும் வாட் ஏறத்தாழக் கிடைக்கும். 20 டிகிரி ஏறினால் 700 வாட். பிற்பாடு சூடு குறைகிறதோ என்று ஐயம் வரும்போது, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மறுமொழி 3 – பொருநை

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட், அவன் இழுக்கும் மின்சாரமா, உணவுக்குத் தரும் ஆற்றலா என்று கடையில் கேளுங்கள். முன்னது 1,200 என்றால் பின்னது 700 அல்லது 800 ஆக இருப்பது இயல்பு. பின்பக்க ஒட்டுத்தாளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘மேக்னட்ரானுக்குப் பல ஆண்டு வாரண்டி’ என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உங்களுக்குக் கெட்டவை தொடுபலகையும் உள்சுவரும். அவற்றுக்கு எத்தனை ஆண்டு என்று அட்டையிலேயே படித்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஆள் தூத்துக்குடியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வரவேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டறியுங்கள்.

கடலோரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அம்மா வீட்டில் பார்த்தேன்: சமையலறையில் 16 ஆம்பியர் சாக்கெட் கிரைண்டருக்கு அருகில் ஒன்றே உள்ளது, எலக்ட்ரீசியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்து, தனி இணைப்பு ஒன்றும் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய அவன் சுவரோடு ஒட்டி, மேல் அலமாரிக்கு அடியில் காற்றே புகாதபடி இருந்ததையும் இப்போதுதான் கவனித்தேன். புதியதற்குப் பின்புறமும் மேற்புறமும் ஒரு சாண் இடைவெளி கிடைக்கும்படி மேடையைக் காலி செய்துவிட்டோம். ஊரிலேயே சர்வீஸ் உள்ளவற்றில், இரண்டு குமிழ்கள் கொண்ட 20 லிட்டர் சோலோ வகையில் எஃகு உள்சுவர் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் செராமிக் பூச்சு உள்ளதையும் வாங்கப் போகிறேன். தண்ணீர்ச் சோதனையில் வரும் எண்ணை வாரண்டி அட்டையிலேயே எழுதி வைக்கிறேன்.