வெள்ளையடித்த கணக்கும் அழிந்துபோன உரையாடலும்

குழு: தண்டையார்பேட்டை வீடு

[வியாழன், காலை 6:52] பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். என் பழைய மடிக்கணினியை, கல்லூரியில் சேர்ந்திருக்கும் பாப்பாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாக இருக்கிறேன். நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு அவள் தூக்கிக்கொண்டு போகப்போகும் பொருளில் நம் வீட்டு விவகாரம் எதுவும் கிடக்கக் கூடாது என்பதற்காக, நேற்றிரவு 11 மணிக்கு உட்கார்ந்து, அதில் தெரிந்த வாட்ஸ்அப் உரையாடல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். காலையில் கைபேசியைத் திறந்தால் அதிலும் அவை இல்லை. மாடி வீட்டுக் குடித்தனக்காரர் 30-ஆம் தேதி காலி செய்கிறார். வெள்ளையடிக்கும் செலவு 7,000 ரூபாயை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்ட பேச்சும் அதோடு போய்விட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

[காலை 7:05] அத்தை: அண்ணா, வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று எங்கள் பெரம்பூர் வீட்டுக்கு எதிரே இருப்பவர் சொன்னார். உடனே செய்து பாருங்கள்.

[காலை 7:09] நான்: பெரியப்பா, அத்தை சொன்னதை இப்போதைக்குச் செய்ய வேண்டாம். முதலில் இரண்டு விவரங்கள் வேண்டும். மடிக்கணினியில் நீங்கள் திறந்தது வாட்ஸ்அப் மட்டுமா, அல்லது வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளும் அதில் தெரிந்தனவா? இரண்டாவது, அழிக்கும்போது நீங்கள் தொட்ட பொத்தானில் என்ன எழுதியிருந்தது?

[காலை 7:31] பெரியப்பா: இரண்டும்தான், அம்மாடி. ஒரு பக்கத்தில் வாட்ஸ்அப், இன்னொரு பக்கத்தில் கூகுள் மெசேஜஸ். போன வருடம் கண் அறுவை சிகிச்சை முடிந்தபோது, பெரிய திரையில் படிக்கட்டும் என்று நீதானே க்யூஆர் கட்டத்தைக் காட்டி இணைத்துக் கொடுத்தாய். வாட்ஸ்அப்பில் ‘டெலீட் சாட்’ என்று இருந்தது. அதை அழுத்தினேன். வங்கிச் செய்திகள், எரிவாயுச் செய்திகள் எல்லாவற்றையும் மற்றொரு பக்கத்தில் அழித்தேன்.

[காலை 7:48] நான்: இணைத்துக் கொடுத்த நான், இதையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மடிக்கணினியில் இருப்பது ஒரு நகல், கைபேசியில் இருப்பது வேறொரு நகல் என்று நினைத்துத்தான் அழித்திருக்கிறீர்கள். உண்மையில் அது ஒரே பீரோவுக்கு வைத்த இரண்டாவது கதவு. வாட்ஸ்அப்பில் ஒரு கைபேசியோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். அவற்றில் எதில் ஓர் உரையாடலை அழித்தாலும் அந்தக் கட்டளை மற்றவற்றுக்கும் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கூகுள் மெசேஜஸ் பக்கமோ கைபேசியை அப்படியே காட்டுகிற கண்ணாடி. குறுஞ்செய்திகள் கைபேசியில்தான் இருக்கின்றன, மடிக்கணினி அவற்றைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே அழித்தால் இங்கே அழிந்ததாகவே பொருள்.

[காலை 7:55] சித்தப்பா: நான் இதில் மாறுபடுகிறேன். அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் மேக்புக்கில் சென்ற வாரம் ஒரு கட்சிக்காரரின் குறுஞ்செய்தி உரையாடலைத் தவறுதலாக அழித்துவிட்டு, சற்று நேரத்தில் அதை மீட்டும்விட்டேன். ஆகவே அண்ணனுடையதும் எங்கோ இருக்கத்தான் வேண்டும்.

[காலை 8:02] நான்: சித்தப்பா, உங்களுடையது ஆப்பிளின் மெசேஜஸ் செயலி. மேக் இயங்குதளத்தின் 2022-இல் வந்த வென்சுரா பதிப்பு முதல் அதில் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அழித்த செய்தி அதில் 30 நாள், சில சமயம் 40 நாள் வரை கிடக்கும். அங்கேயும் இரண்டு கதவு விஷயம் உண்டு. மெசேஜஸை ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் சேர்த்திருந்தால் மேக்புக்கில் அழிப்பது ஐபோனிலும் அழியும். சேர்க்காமல் இருந்தால் அழித்த சாதனத்தில் மட்டும் போகும். வாட்ஸ்அப்பில் அப்படிக் குப்பைக் கூடை கிடையாது. ஒற்றைச் செய்தியைத் தனக்கு மட்டும் அழித்தால், அதைத் திரும்பப் பெறச் சில விநாடிகள் தருவார்கள். முழு உரையாடலுக்கு அதுவும் இல்லை.

[காலை 8:10] தாத்தா: நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். பெரியவன் காலையிலிருந்து காபி கூடக் குடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தை சொன்ன மருந்து ஏன் ஆகாது என்று நீ இன்னும் விளக்கவில்லையே, கண்ணு. இக்குழுவில் எதையும் அரைகுறையாக விடுவதில்லை என்பது நம் வழக்கம்.

[காலை 8:26] நான்: விளக்குகிறேன், தாத்தா. ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணி அளவில் தன் செய்திகளைப் பிரதி எடுத்துக் கைபேசியிலேயே வைத்துக்கொள்கிறது. அதற்கு ஏற்பாடு செய்திருந்தால் கூகுள் கணக்கிலும் ஒரு பிரதி ஏறும். பெரியப்பா அழித்தது இரவு 11 மணிக்கு. அதற்குப் பின்னர் 2 மணிக்கு எடுத்த பிரதியில் அந்த உரையாடல் இருக்காது. இப்போது நீக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினால், பெரும்பாலும் அந்தப் புதிய பிரதிதான் வந்து உட்காரும். கடைசி ஏழு நாட்களின் பிரதிகள் கைபேசிக்குள் ஒரு கோப்புறையில் இருக்கும் என்பதால், பழைய ஒன்றின் பெயரை மாற்றி மீட்க வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் அந்த நாளுக்குப் பிறகு வந்த மற்ற எல்லாருடைய செய்திகளும் போய்விடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வோம். பெரியப்பா, இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் அழித்தது உங்கள் பக்கத்தை மட்டும்தான். குடித்தனக்காரரின் கைபேசியில் அந்த உரையாடல் அப்படியே இருக்கும்.

[காலை 8:33] பெரியப்பா: நான் அழித்தது அவருக்கும் அழிந்திருக்காது என்று உறுதியாகச் சொல்கிறாயா?

[காலை 8:37] நான்: உறுதியாகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவரிடமிருந்தும் அழிக்க வேண்டுமானால், நாம் அனுப்பிய செய்தி ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுக்க வேண்டும். அதுவும் அனுப்பி இரண்டு நாள், 12 மணி நேரத்துக்குள். அவர் எழுதியதை உங்களால் அவரிடமிருந்து அழிக்கவே முடியாது.

[காலை 8:41] அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 8:42] தாத்தா: என்னம்மா எழுதி அழித்தாய்?

[காலை 8:44] அத்தை: ஒன்றுமில்லை, அப்பா. சோதித்துப் பார்த்தேன்.

[காலை 8:46] நான்: அத்தை செய்து காட்டியதும் நல்லதாயிற்று. எல்லாருக்கும் அழித்தாலும் அழித்த தடம் இப்படி நிற்கும். அதற்குள் யாராவது படித்திருந்தால், அறிவிப்பில் பார்த்திருந்தால், படம் பிடித்திருந்தால் அழித்தும் பயனில்லை. நான் படித்துவிட்டேன், அத்தை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

[காலை 8:58] பெரியப்பா: அவரிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. “என் பக்கத்தில் அழிந்துவிட்டது, உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள்” என்று வீட்டுக்காரனே கேட்டால், கணக்கில் ஏதோ கோளாறு செய்யப் பார்க்கிறான் என்று நினைக்க மாட்டாரா?

[காலை 9:04] தாத்தா: மாடிப்படி பதினெட்டு. ஏறிப் போய்க் கேள்.

[காலை 9:15] சித்தப்பா: கேட்கும்போது திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள், அண்ணா. உரையாடலைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளியில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் தேதி, நேரத்தோடு முழுவதும் ஒரே கோப்பாக வரும். இது நீதிமன்றம் வரை போகிற விவகாரம் இல்லை. ஆனாலும் பாரிமுனை நீதிமன்றத்தில் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன்: மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்ட வேண்டுமானால் அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவாக இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட பேச்சைக் கணக்கு தீரும் வரை அழிக்காமல் வைத்திருப்பதே அதைவிடச் சுலபம்.

[காலை 9:20] அத்தை: அப்படியானால், மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று எனக்கு வந்திருக்கும் பொய்ச் செய்தியையும் வைத்துக்கொள்ள வேண்டுமா? அதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

[காலை 9:24] நான்: அதில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள், இணைப்பைத் தொடாதீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் புகார் கொடுத்துவிட்டு அழியுங்கள். பணம் போயிருந்தால்தான் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். ஓடிபி செய்திகளை மட்டும் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. கூகுள் மெசேஜஸ் அமைப்பில் அவற்றை 24 மணி நேரத்தில் தானாக அழிக்கச் சொல்லலாம்.

[காலை 9:30] பாப்பா: பெரிய மாமா, எனக்காகச் செய்யப்போய் உங்களுக்கு இவ்வளவு தொந்தரவு வந்துவிட்டது. மடிக்கணினியை அப்படியே கொடுங்கள், நான் எதையும் திறந்து பார்க்க மாட்டேன்.

[காலை 9:41] நான்: அப்படியே கொடுக்கக் கூடாது, பாப்பா. நீ பார்க்க மாட்டாய் என்பது வேறு விஷயம். பெரியப்பா, இன்னும் நீங்கள் அழிக்காத ஒன்று அதில் நிச்சயம் இருக்கும். ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

[காலை 10:06] பெரியப்பா: திறந்தேன். குடித்தனக்காரரின் ஆதார் நகல் இரண்டு முறை இருக்கிறது. என் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அப்பாவின் ஓய்வூதியத் தாள், 2023 டிசம்பர் புயலில் தெருவில் தண்ணீர் நின்றபோது எடுத்த படங்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. உரையாடலையே அழித்துவிட்டேனே, இவை எப்படி மிஞ்சின?

[காலை 10:19] நான்: உரையாடலில் வந்ததை எப்போது தரவிறக்கினீர்களோ, அப்போதே அது வாட்ஸ்அப்பின் கையை விட்டு மடிக்கணினியின் சொந்தக் கோப்பாகிவிட்டது. அதன் பிறகு உரையாடல் இருந்தால் என்ன, அழிந்தால் என்ன, அதற்குத் தெரியாது. ஒப்பந்தத்தையும் புயல் படங்களையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அழித்த பின் ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்யுங்கள், அழித்த கோப்பு முதலில் அங்கேதான் போய் உட்காரும்.

செய்திகளைப் பொறுத்தவரை, இனி ஒன்றைக் கூட அழிக்க வேண்டாம். இணைப்பை மட்டும் அறுத்துவிடுங்கள். கைபேசியில் வாட்ஸ்அப் அமைப்புக்குப் போய் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்பதைத் திறந்தால் மடிக்கணினியின் பெயர் தெரியும். அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள். மடிக்கணினியில் செய்திகள் மறைந்துவிடும், கைபேசியில் எல்லாம் அப்படியே இருக்கும். நேற்றிரவு நீங்கள் செய்ய நினைத்தது இதைத்தான். கூகுள் மெசேஜஸுக்கு, கைபேசியில் அந்தச் செயலியைத் திறந்து ‘டிவைஸ் பேரிங்’ பகுதியில் இணைப்பை நீக்க வேண்டும். நீங்கள் கைபேசியைத் தொடாமல் இருந்தாலும் வாட்ஸ்அப் 14 நாளில் தானாக இணைப்பைத் துண்டிக்கும். நீங்கள்தான் தினமும் தொடுகிறீர்களே, ஆகவே அது நடக்காது.

[காலை 10:24] சித்தப்பா: இவ்வளவையும் ஒவ்வொன்றாகச் செய்வதற்குப் பதிலாக முழுவதையும் துடைத்துவிடலாமே?

[காலை 10:29] நான்: துடைக்கத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். அதற்கு முன்னால் துடைத்தால் பட்டியலில் பழைய இணைப்பின் பெயர் வீணாக நிற்கும், பென்டிரைவில் எடுக்க வேண்டியதும் போய்விடும். விண்டோஸ் 11-இல் அமைப்புகள், சிஸ்டம், ரெகவரி என்று போனால் ‘ரீசெட் பிசி’ இருக்கும். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்து, பின்னால் வரும் திரையில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ தொட்டு ‘க்ளீன் டேட்டா’வை ஆன் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் சிலவற்றைத் தோண்டி எடுக்கக்கூடும். பல மணி நேரம் ஓடும், மின்சாரத்தில் செருகியே வையுங்கள். சனிக்கிழமை மாலை நானே வந்து பக்கத்தில் இருக்கிறேன்.

[சனி, இரவு 8:40] பெரியப்பா: துடைக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி வந்திருக்கிறது. தம்பி மகள் சமோசா சாப்பிட்டுக்கொண்டே காவல் காக்கிறாள். நாளை தம்பி திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வரும்போது தண்டையார்பேட்டையில் இறங்கி வாங்கிக்கொண்டு பெரம்பூருக்குப் போகட்டும்.

[ஞாயிறு, மதியம் 12:15] பாப்பா: மடிக்கணினி வந்து சேர்ந்தது, பெரிய மாமா. திறந்தவுடன் எந்த நாடு, எந்த மொழி என்று கேட்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. மிக்க நன்றி.

[ஞாயிறு, மாலை 5:50] பெரியப்பா: மாடி ஏறிக் கேட்டேன். குடித்தனக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு நிமிடத்தில் கோப்பை அனுப்பிவிட்டார். மொத்தம் 14 மாதப் பேச்சு. உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். பிப்ரவரியில் அவர் “வெள்ளையடிக்க ஆகும் 7,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா” என்று எழுதியிருப்பது உண்மை. அதற்கு அடுத்த வரியில் “வேண்டாம், குழாய் பழுதுக்கு நீங்கள் செலவு செய்தது இதற்குச் சரியாகிவிட்டது, அட்வான்ஸை முழுவதும் தருகிறேன்” என்று பதில் எழுதியிருப்பது நான். சத்தியமாக எனக்கு நினைவில்லை.

[ஞாயிறு, மாலை 5:53] தாத்தா: முழுவதையும் கொடு.

[ஞாயிறு, மாலை 5:54] பெரியப்பா: நாளை காலை வங்கிக்குப் போகிறேன், அப்பா.