பிரஸ் ஷாப் நண்பரும் டோனி அயோமியின் விரல் உறைகளும்: ஒரு கேள்வி

அம்பத்தூர் ஃபோர்மேன் எழுதியது:

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இயந்திரத்தால் தகட்டை அடித்து வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஹெவி மெட்டல் கேட்பவள். போன மாதம் ஓர் இரவு, "அப்பா, ஒரே ஒரு பாட்டு" என்று சொல்லி ஹெட்போனை என் காதில் மாட்டினாள். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம், அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. எட்டு பிரஸ்கள் ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது, தனித்தனி அடிகள் மறைந்து ஒரு தாளம் தானாகக் கூடி வரும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தாலும் அது மார்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதை மகளிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் டோனி அயோமியைப் பற்றிச் சொன்னாள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில், பதினேழு வயதில், இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவராம். அதன் பிறகுதான் பிளாக் சாபத் என்ற மெட்டல் குழுவில் கிட்டார் வாசித்தாராம்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009-ல் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கும் இதே கதிதான். எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக, கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை ஒயர் போட்டு நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தார்கள். இடது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. பனியன் வேஸ்டைச் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனவன் நான். அவர் வில்லிவாக்கம், கொரட்டூர்ப் பக்கம் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் மேண்டலின் வாசித்தவர். அன்றைக்குப் பரணில் ஏறிய மேண்டலின் இன்னும் இறங்கவில்லை.

அயோமி என்ன செய்து வாசித்தார்? அது மேண்டலினுக்கும் ஒத்துவருமா? இந்த ஜூடாஸ் பிரீஸ்ட்டைப் பற்றியும் விவரமாகச் சொல்லுங்கள், தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர்க் கிட்டார் எழுதியது:

ஐயா, உங்கள் மகள் சொன்னது உண்மை. 1965-ல் நடந்தது. அயோமிக்கு அந்த ஆலையில் அது கடைசி நாள். வழக்கமாக அந்த இயந்திரத்தை ஓட்டுபவர் வரவில்லை என்று இவரை நிறுத்தியிருக்கிறார்கள். மதியம் வீட்டுக்கு வந்தவர் இனிப் போகவில்லை என்றாராம். வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். அயோமி இடது கைக்காரர். அதனால் தந்தியை அழுத்துவது வலது கை, அடிபட்டதும் அதே கை. மனமுடைந்து கிடந்தவரைப் பார்க்க வந்த ஆலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் அபாரமாக வாசித்த கிட்டார் கலைஞர் அவர்.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் குடைந்து, விரலில் பொருந்தும்வரை தேய்த்தார். தந்தி வழுக்கியதால் பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினார். கூடவே மெல்லிய தந்திகள். பிறகு சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத் தொகுப்பின் பல பாடல்கள் வழக்கமான சுருதிக்கு மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், ஒலி கனக்கும். பின்னால் வந்த பாதி மெட்டல் குழுக்கள் அந்தக் கனத்தைத்தான் தேடி ஓடின.

ஜூடாஸ் பிரீஸ்ட்டும் அதே வட்டாரம்தான். 1969-ல் பர்மிங்காமை ஒட்டிய வெஸ்ட் புரோம்விச்சில் தொடங்கியது. 1970-லிருந்து கே. கே. டவுனிங் கிட்டார், இயன் ஹில் பேஸ் கிட்டார். ராப் ஹால்ஃபோர்ட் 1973-ல் பாட வந்தார், அடுத்த ஆண்டு இரண்டாவது கிட்டாருக்கு கிளென் டிப்டன். அதுதான் திருப்புமுனை என்பேன். இரட்டை நாயனத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பாரே, அப்படி இரண்டு கிட்டார்கள். ஹால்ஃபோர்ட் வளர்ந்த வால்சாலில் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் உலோக வார்ப்பாலைகள். நீங்கள் பிரஸ் ஷாப்பைக் கேட்டதில் எனக்கு வியப்பே இல்லை. 1980-ல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' தொகுப்புக்கு, இயந்திர மனிதர்கள் நடக்கும் ஓசை வேண்டுமென்று, கரண்டியும் முள்ளும் நிறைந்த தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்கள்.

உங்கள் மகள் போட்டுக் காட்டியது 2024 மார்ச் 8-ல் வந்த, அவர்களுடைய பத்தொன்பதாவது ஸ்டூடியோ தொகுப்பு. அப்போது ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. அந்த உச்சக் குரலைக் கேட்டுவிட்டு வயதைப் பாருங்கள்! டவுனிங் விலகியதால் 2011-ல் வந்த ரிச்சி ஃபால்க்னர்தான் இப்போது கிட்டாரின் பெரும்பாரத்தைச் சுமக்கிறார். டிப்டனுக்குக் கை நடுங்கும் பார்க்கின்சன் நோய். 2018-ல் அதை வெளியே சொல்லி, சுற்றுப்பயணங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஆனாலும் இந்தத் தொகுப்பில் அவருடைய கை இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். உங்கள் நண்பரிடம் டிப்டனைப் பற்றியும் சொல்லுங்கள்.

தவில் வீட்டுப் பிள்ளை எழுதியது:

அண்ணா, விரலுக்கு உறை போட்டு வாசிப்பது நமக்குப் புதிதா? எங்கள் வீட்டில் அப்பா பசை தடவிய துணி நாடாவை வலது கை விரல்களில் சுற்றிச் சுற்றிக் காயவைப்பார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதைத்தான் கூடு என்போம். ஒவ்வொரு விரலுக்கும் தனி அளவு. ஒருவர் கூடு இன்னொருவருக்குச் சேராது. மேண்டலினுக்கு அவ்வளவு தடிமன் ஆகாது, மெல்லிதாகச் சுற்ற வேண்டும். உள்ளே தழும்பு படும் இடத்தில் பருத்தித் துணி இருக்கட்டும். ஈரம் காயாமல் போட்டால் புண்ணாகும்.

மயிலாப்பூர் வீணை எழுதியது:

ஒரு யோசனை மட்டும். மேண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்துவதுதான் விரலுக்குப் பாரம். யு. ஸ்ரீநிவாஸ் மின் மேண்டலினில் ஒற்றைத் தந்திகளைத்தான் வைத்துக்கொண்டார். உங்கள் நண்பரும் ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிடலாம். சுருதியை இறக்கச் சொன்ன தம்பியின் பேச்சும் சரி. மூன்று கட்டை சுருதியில் இருப்பதை ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்தால் அதே மூன்று அரைச்சுரம்தான்.

இன்னொன்று. பிளாக் சாபத்தின் முதல் தொகுப்பில், குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டைக் கேட்டேன். ஸ, மேல் ஸ, அங்கிருந்து பிரதி மத்தியமம், அதாவது இரண்டு 'ம'க்களில் உயர்ந்தது. மூன்றே ஸ்வரங்கள். அந்த ஸ்வரம் வரும் பந்துவராளி ராகத்தைத் தினமும் பாடுகிற வீட்டில் பிரதி மத்தியமம் யாரையும் பயமுறுத்தாது. ஆனால் அயோமி அதில் போய் அப்படியே நடுங்கி நிற்கிறார். என் கை வீணையிலிருந்து தானாக எடுபட்டுவிட்டது.

அம்பத்தூர் ஃபோர்மேன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கொரட்டூருக்குப் போனேன். பேச்சை எடுத்ததும் நண்பர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமோ என்று பயந்தேன். அவருடைய மனைவி ஸ்டூலைக் கேட்டாரே என்று சொன்ன பிறகுதான் புரிந்தது, பரணில் ஏறியிருந்தார்.

நான்கு தந்திகளைக் கழற்றினோம். மீதியும் துருதான், மாற்ற வேண்டும். துணி நாடாவில் செய்த முதல் கூடு பெரிதாகிப்போய்ப் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து அழுத்தியது. இரண்டாவதை நான் எமரித் தாளில் தேய்த்துக் கொடுத்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். நடுவிரலில் நிற்கிறது, மோதிர விரலில் சுழன்றுவிடுகிறது. தழும்பு அங்கே கோணலாக இருக்கிறது.

தவில் வீட்டுத் தம்பி, கோணலான நுனிக்கு எப்படிச் சுற்ற வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? அடுத்த ஞாயிறும் போகிறேன்.