வடசென்னையில் நீண்ட ஓட்டப் பயிற்சிக்கு ஏற்ற பாதை எது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் வசிக்கும் நான், ஜனவரியில் நடக்கவிருக்கும் சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் முழுத் தூரத்தையும் முதன்முறையாக ஓடுவதற்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். வாரநாள்களின் குறுகிய ஓட்டங்களில் சிக்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குத்தான் பாதை அமையவில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் விடியற்காலையிலேயே சாலையோரத்தை அடைத்துக்கொள்வதால், ஓடுபவர் நடுச்சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. புழுதி வேறு கண்ணிலும் மூக்கிலும் அப்பிக்கொள்கிறது. காசிமேட்டுப் பக்கமோ, மீன் ஏலம் நடக்கும் அந்த நேரத்தில் ஐஸ் பெட்டிகளுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் நடுவே கால் வைக்கவே இடமிருக்காது (வஞ்சிரம் வாங்கத்தான் அது நல்ல நேரம்).

இன்னொரு ஐயமும் உண்டு. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தபடியே இருப்பதால், வேகத்தைக் குறைத்தாலும் நாடித்துடிப்பு ஏறிவிடுகிறது. உடம்பின் கிளைக்கோஜன் (ஆற்றலுக்காகத் தசையிலும் கல்லீரலிலும் சேரும் மாவுச்சத்து) சேமிப்பு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகக்கூடும் என்பதால் இடையில் ஏதேனும் சாப்பிட்டாக வேண்டும். ஓட்டத்தின் நடுவே உறிஞ்சும் சர்க்கரைக் கூழான எனர்ஜி ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், உப்பு போட்ட மோர் ஆகியவற்றை ஓட்டத்தின்போது பயன்படுத்தியவர்கள், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கம் ஞாயிறு காலையில் சேர்ந்து ஓடுவோர் இருந்தால், நானும் இணைந்துகொள்ள விரும்புகிறேன்.