ஸ்பியூரியஸ்: போலியா, கள்ளமா, கானலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புள்ளியியல் சொற்பட்டியலில் ‘ஸ்பியூரியஸ் கோரிலேஷன்’ என்பதற்கு மட்டும் தமிழ்ச் சொல் முடிவாகாமல் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவது ஒட்டுறவு (கோரிலேஷன்). ஒன்றுக்கொன்று காரணத் தொடர்பு இல்லாமலே அப்படித் தெரிந்தால் அது ஸ்பியூரியஸ். நேற்று வந்த மடலிலிருந்து:

> ‘போலி ஒட்டுறவு’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. போலி டாக்டர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்று தினமும் படிக்கிறோம். யாரோ ஒருவர் தெரிந்தே ஏமாற்றினால்தான் அது போலி. ‘போலி ஒட்டுறவு’ என்று கேட்கிற மாணவர், கணக்கில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். (இலக்கணத்தில் போலி இவ்வளவு கெட்டுப்போகவில்லை. பந்தல் பந்தர் ஆனாலும், அறம் அறன் ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.)

இங்கே எண்களில் பொய்யே கிடையாது. கத்திரி வெயிலில் நுங்கு விற்பனை ஏறும். அதே நாட்களில் எலக்ட்ரிக்கல் கடையில் ஃபேன் கண்டென்சரும் அதிகம் போகும். இரண்டையும் வாரவாரியாகக் குறித்து வைத்தால் ஒட்டுறவுக் கெழு (ஒட்டுறவு எவ்வளவு என்று சொல்லும் எண், அதிகபட்சம் 1) நன்றாகவே வரும், கணக்கும் சரியாகவே இருக்கும். நுங்கு தின்றதால் ஃபேன் கெட்டது என்று சொல்லும்போதுதான் கோளாறு. இரண்டுக்கும் அப்பா வெயில்.

‘அப்பா’ என்று சும்மா சொல்லவில்லை. லத்தீனில் ‘ஸ்பூரியுஸ்’ என்றால் சட்டப்படி தகப்பன் இல்லாத பிள்ளை. ரோமில் அதுவே ஆண்களுக்கு இடும் பெயராகவும் இருந்தது. ‘தகப்பன் இல்லாமல்’ என்று பொருள்படும் ‘சினே பாத்ரே’யின் சுருக்கெழுத்தோடு அந்தப் பெயரின் சுருக்கம் ஒத்துப்போனதால் வந்த பொருள் இது என்று ஒரு விளக்கத்தைப் பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல்லின் அடிப்படை, பிறப்பு பற்றிய கேள்வி: இது யாருக்குப் பிறந்தது?

புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897இல் இதைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தபோது சொன்ன உதாரணமும் இதற்குப் பொருந்துகிறது. பலருடைய எலும்புகளைக் கலைத்துப்போட்டு, கைக்கு வந்ததைத் தொகுப்பு தொகுப்பாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுப்பையும் ‘ஒரே ஆளின் எலும்புக்கூடு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எலும்புகளின் நீளத்தை மூன்றாவது எலும்பின் நீளத்தால் வகுத்தால், கிடைக்கும் இரண்டு விகிதங்களுக்கும் இடையே ஒட்டுறவு முளைத்துவிடும். சராசரியோடு ஒப்பிட்டால் மூன்று நீளங்களும் தனித்தனியே ஒரே அளவுக்கு மாறுபடுவதாக இருந்தால் அது சுமார் 0.5 வரும். எலும்புகளுக்குள் உறவே கிடையாது. உறவு வந்தது பொதுவான வகுக்கும் எண்ணிலிருந்து.

1926இல் இன்னொரு புள்ளியியலாளர் யூல் காட்டியது இன்னும் வேடிக்கை. 1866 முதல் 1911 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபை நடத்தியவற்றின் பங்குக்கும், அதே ஆண்டுகளின் இறப்பு வீதத்துக்கும் ஒட்டுறவு 0.95! இரண்டும் அந்தக் காலத்தில் இறங்குமுகத்தில் இருந்தன, அவ்வளவுதான். அவர் இதை ‘அபத்த ஒட்டுறவு’ என்ற பொருள்படும் பெயரிலேயே குறிப்பிட்டார்.

அடுத்த பரிந்துரை:

> மூலப்பொருளுக்கு நெருக்கமாக ‘கள்ள உறவு’?

சிரித்துவிட்டேன். லத்தீனுக்கு நெருக்கம்தான், ஆனால் பாடப்புத்தகத்தில் அச்சானால் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை அன்றைக்குப் பாடம் நடக்காது.

என் பரிந்துரை ‘கானல் ஒட்டுறவு’. மே மாத மத்தியானத்தில் தார் ரோட்டில் தூரத்தே பளபளவென்று தண்ணீர் தெரிகிறதே, அது கண்ணின் கோளாறு இல்லை, கேமராவிலும் விழும். சூடான காற்றில் வளைந்து வந்த வானத்து வெளிச்சம் அது. தெரிவது நிஜம், ‘தண்ணீர்’ என்று நாம் முடிவு கட்டுவதுதான் பிழை. நுங்குக் கணக்கிலும் இதேதான் நடக்கிறது. பழந்தமிழில் கானல் என்றால் கடற்கரைச் சோலை, கானல்வரியை நினைவுபடுத்தி யாராவது மடல் போடுவீர்கள் என்று தெரியும். ஆனால் இன்று கானல் என்றதும் எல்லோருக்கும் கானல்நீர்தானே நினைவுக்கு வருகிறது?

அப்புறம் ஒன்று. ஸ்பியூரியஸ் வருகிற இடமெல்லாம் ‘கானல்’ போட வேண்டாம். மருந்துச் சட்டத்தில் வருவதற்குப் ‘போலி மருந்து’தான் சரி, அங்கே ஏமாற்று இருக்கிறது. நிரலாக்கத்தில் ‘ஸ்பியூரியஸ் வேக்கப்’ என்று ஒன்று உண்டு. காத்திருக்கும் இழை (த்ரெட், நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), எதிர்பார்த்த நிபந்தனை நிறைவேறாமலே எழுந்துவிடும். பெல் அடிக்காமலே எழுந்துபோய்க் கதவைத் திறப்பது மாதிரி. அதனால்தான் நிபந்தனையை ‘இஃப்’ போட்டு ஒருமுறை பார்த்தால் போதாது, ‘வைல்’ சுற்றுக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே விழிப்பு நிஜம், எழுந்ததற்குத்தான் காரணமில்லை. ‘வெற்று விழிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. குழுவில் நிரல் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் அலுவலகத்தில் இதைத் தமிழில் பேசும்போது என்ன சொல்கிறீர்கள்?