பதக்க மூலம், பரிஸ் சாந்து வார்ப்பு: ஊசித்துளை விழுகுது, எழுத்தில புள்ளி உடையுது

இரணைமடு:
கிளிநொச்சியில பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு 4 செ.மீ. பதக்கம். நடுவில சேது காசில (யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட நாணயம்) இருக்கிற நந்தி, சுத்திவர "வன்னி" எண்டு தொடங்கிற எழுத்து. பெரிசா மூலத்தை 20 செ.மீ. விட்டத்தில களியில செய்து, பரிஸ் சாந்தில வார்த்தாச்சு. முகம் முழுக்க ஊசித்துளை. "ன்" மேல இருக்கிற புள்ளி கழட்டேக்கை உடையுது. மாரி எண்டபடியால் காயவும் இல்லை. கொழும்பில ஸ்கான் பண்ணித்தான் உருக்கு அச்சு வெட்டுவினம். ஷெலாக் (அரக்கு மெருகு) பூசிக் குடுக்கலாமோ?

கனகராயன்:
களியில ஒட்டின புள்ளியின்ர அடி ஒடுங்கி நிக்கும். கழட்டேக்கை அது கொளுவித்தான் உடையுது. நந்தியை மட்டும் களியில செய்யுங்கோ, எழுத்தே வேண்டாம். அதுக்கு மேல சாந்து வார்த்துக் குழியச்சு (மேடு பள்ளம் மாறின அச்சு) எடுத்து, ஈரம் காய முதல் எழுத்தை அதுக்குள்ள இடம்வலம் மாத்தி வெட்டுங்கோ. புள்ளிக்கு உருண்டை முனைக் கருவியை ஒருக்காச் சுழட்டினாக் காணும். வெட்டின குழியின்ர வாய் அகலமா, அடி ஒடுக்கமா இருக்கவேணும். மாறி வெட்டினா வார்ப்பும் கழராது, பிறகு உருக்கு அச்சும் பதக்கத்தை விடாது.

அளவையும் யோசியுங்கோ. ஐஞ்சில ஒண்டாக் குறையுது, மூலத்தில 1 மி.மீ. கோடு பதக்கத்தில 0.2 மி.மீ. "ன" சுழிக்குள்ள இருக்கிற வெளி உருக்கு அச்சில மெல்லிய தூணாத்தான் நிக்கும். சுழியை நெருக்கினா அடிக்கேக்கை அந்தத் தூண் முறியும்.

குழியச்சுக்குள்ள திரும்பச் சாந்து வார்த்துத்தான் மூலம் எடுக்கிறது. அது ஒட்டாமல் கழர, முதல்ல குழியச்சுக்கு மென்சவர்க்காரக் கரைசல் மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் நுரையைத் துடைச்சுப் போட்டு. கடைசியாப் பஞ்சில எண்ணெய் தொட்டு மெல்லிசாத் தடவுங்கோ. எழுத்துக்குள்ள எண்ணெய் தேங்கினா அங்கயும் துளை விழும்.

நந்திக்கடல்:
2.5 செ.மீ. தடிப்புக்கு 520 மி.லீ. தண்ணி, 800 கிராம் சாந்து போதும். தண்ணிக்குள்ள சாந்தை அரிச்சுத் தூவுங்கோ. மாறி ஊத்தினா கட்டிபடும், கட்டிக்குள்ள காத்து நிக்கும். ரெண்டு நிமிசம் ஊறவிட்டு, கையை அடியில வைச்சு மெதுவாக் கலக்கவேணும். முதல் படையைத் தூரிகையால எழுத்துக்குள்ள இறக்கிப்போட்டு, மிச்சத்தை ஓரத்தால ஊத்துங்கோ. வாளியில பழைய சாந்து ஒட்டியிருந்தா நேரத்தோட இறுகிப்போம். மாரியில திறந்து கிடந்த பையை நம்பவே வேண்டாம், ஈரம் இழுத்த சாந்தில வார்த்தா முகம் உதிரும்.

காய்ஞ்சதோ எண்டு தராசில பாருங்கோ. வார்த்த உடன 1320 கிராம். தண்ணியில 150 கிராம் அளவு சாந்தோடயே சேர்ந்திடும், மிச்சம் போய் 950 கிராமுக்குக் கிட்ட நிறை அசையாமல் நிக்கோணும். கம்பி வலைக்கு மேல வைச்சு ரெண்டு பக்கமும் ஃபான் காத்துப் பட விடுங்கோ. அவசரத்தில அடுப்படியில வைக்காதேங்கோ, சூடு 45 பாகையைத் தாண்டினாச் சேர்ந்த தண்ணியும் போகத் தொடங்கி முகம் மாவாகும்.

முறிகண்டி:
தம்பி, ஸ்கானுக்கு ஷெலாக் வேண்டாம். மினுக்கத்தில ஒளி தெறிச்சு அளவு பிழைக்கும், மங்கின வெள்ளைதான் திறம். முந்தி, பெரிய மூலத்தைப் பார்த்துச் சின்னனா அச்சு வெட்டுற ஜான்வியர் குறைப்பு இயந்திரத்தில ஊசி மூலத்தைத் தடவிக்கொண்டு போகும், சாந்து அதுக்குத் தாங்காது. அதாலதான் செம்பிலயோ பிசினிலயோ பிரதி எடுத்தவை. பிசின் அச்சு எடுக்கிறதெண்டால் மட்டும் ஷெலாக்கை மெல்லிசாப் பூசுங்கோ.

குழியச்சை எறியாதேங்கோ. ஆண்டு போடுறதெண்டால் வாற வருசம் கடைசி இலக்கத்தை மட்டும் அடைச்சு வெட்டலாம். சவர்க்காரம் ஊறின தோலைச் சுரண்டி, நல்லா நனைச்சுப் போட்டு அடையுங்கோ. காய்ஞ்ச சாந்து புதுச் சாந்தின்ர தண்ணியைக் குடிச்சா ஒட்டாது.