தீர்வை 100 ரூபா கூடினால் கோப்பித்தூள் எவ்வளவு கூடும்?

இலங்கையில் இறக்குமதிக் கோப்பிக்கொட்டைக்குக் கிலோவுக்கு 100 ரூபா தீர்வை கூடினால் தூளிலையும் 100 ரூபா கூட்டிப்போட்டு விடுறதாலதான் சின்ன வறுப்பகங்கள் கையைச் சுட்டுக்கொள்ளுகின்றன. சுங்கத் தீர்வையையும் சேர்த்த தொகைக்குத்தான் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) விழும். அப்ப 100 வற்றோட 118 ஆகும். வற் பதிவு உள்ளவர் அந்த 18ஐக் கழித்துக்கொள்வார், பதிவில்லாதவருக்கு அது செலவுதான். அதுக்குப் பிறகு வறுவல் இழப்பு: ஒரு கிலோ பச்சைக்கொட்டை நடுத்தரமாக வறுபட்டால் 840 கிராம் அளவில் நிற்கும். பதிவில்லாதவர் 118ஐ 0.84ஆல் பிரியுங்கோ, 140 வரும்: ஒரு கிலோ தூளுக்குக் கூடுற செலவு அதுதான். இறக்குமதியில் தனியாக விழுகிற செஸ் வரியும் துறைமுக வரியும் மாறினால் அது வேறை.

—

அண்ணை, எங்கட சனம் கேக்கிற கறுப்பு வறுவலுக்கு 16 வீத இழப்பு காணாது, 20 வரை போகும். 60 கிலோ மூடையில் 48 கிலோதான் மிச்சம். அப்ப அந்த 140, 147 ஆகும். ஒவ்வொரு வறுவலுக்கும் போட்ட நிறை, எடுத்த நிறை ரெண்டையும் எழுதி வையுங்கோ. நிறையைக் காப்பாற்ற எண்டு முதல் வெடிப்பு (கொட்டை சூட்டில் வெடிக்கிற முதல் சத்தம்) கேக்க முதலே இறக்கிறது பெரும் பிழை: கொட்டை உள்ளுக்கு வேகாமல் பச்சை வாடை அடிக்கும், அரைவையும் இறுகும்.

—

எங்கட தீர்வை மாறாவிட்டாலும் விலை ஆடும். 2025 ஓகஸ்டில் அமெரிக்கா பிரேசில் கோப்பிக்கு 50 வீதம் போட்டதும் அங்கத்தைய வாங்குநர்கள் வேறை நாட்டுக் கொட்டைக்குத் திரும்பினார்கள், அந்தக் கொட்டைகளுக்கும் போட்டி கூடியது. நவம்பரில் கோப்பிக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் கொழும்புக் களஞ்சியத்தில் பழைய விலைச் சரக்குக் கிடந்தால், அது முடியுமட்டும் இங்கை விலை இறங்காது. மொத்த வியாபாரியிட்ட "எப்ப சுங்கத்தால எடுத்தது?" எண்டு திகதியைக் கேளுங்கோ. விலை பேச அந்தத் திகதி ஒண்டே காணும்.

—

வரி கூடப்போகுது எண்டு மூடை மூடையாக அடுக்க வேண்டாம். கொட்டையில் ஈரம் 11, 12 வீதத்துக்குள் இருக்கவேணும். கார்த்திகை, மார்கழி மாரியில் யாழ்ப்பாணத்துக் காற்றிலேயே அது ஏறி, சணல் மூடையின் அடிப்பக்கம் முதலில் பூசணம் பிடிக்கும். பலகைத் தட்டில், சுவரில் முட்டாமல், உள்ளுக்குப் பொலித்தீன் உறையோட வையுங்கோ. மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம்.

தூளாக வாங்கிற ஆக்களுக்கு ஒண்டு. கொட்டை விலை ஏறினால் தூளில் சிக்கரியின் (கோப்பியோட கலக்கிற வறுத்த வேர்த்தூள்) பங்கு கூடும். ஒரு கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணி எடுத்து, மேலாலை ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கோ. கோப்பியில் எண்ணெய் இருக்கிறதால கனநேரம் மிதக்கும். சிக்கரி கெதியாக அடியில் இறங்கும், இறங்கேக்கை பின்னால மண்ணிறக் கோடு இழுக்கும். சிக்கரி கலந்ததை வாங்கிறது குற்றமில்லை, ஆனால் அதுக்குத் தனிக் கோப்பியின் விலையைக் குடுக்காதேங்கோ.